மெஷர் பி-க்கு எஸ்ஸா நோவா: கலிஃபோர்னியா ஹைஸ்கூல் பசங்களுக்கு பாலட்டை வாசிக்கக் கத்துக்கொடுக்குறது

ரெட்டைப்படை வருஷம் அக்டோபர் வந்துட்டா கலிஃபோர்னியால மெயில்பாக்ஸ் முழுக்க பளபள அட்டைதான், ஒண்ணு "எஸ் ஆன் மெஷர் பி"ங்கும், இன்னொண்ணு "நோ ஆன் மெஷர் பி"ங்கும், ரெண்டுலயும் சிரிச்ச முகத்தோட டீச்சர், ஃபயர்மேன், வயசானவங்க போட்டோ. அதே வாரம் பன்னெண்டாவது படிக்கிற பிள்ளைக்கு கவர்ன்மென்ட் கிளாஸ்ல லோக்கல் மெஷர் பத்தி அசைன்மென்ட் வரும். வீட்ல கேட்டா பாதிப்பேருக்குப் பதில் தெரியாது, ஏன்னா நம்ம ஆட்கள் பலர் எச்-1பி-லயோ கிரீன் கார்டுலயோ இருப்பாங்க, ஓட்டு கிடையாது, சிட்டிசன் ஆனவங்களும் பிரசிடென்ட், கவர்னர் வரைக்கும் டிக் பண்ணிட்டு பாலட்டோட, அதாவது ஓட்டுச்சீட்டோட, கடைசிப் பக்கத்தை அப்படியே விட்டுடுவாங்க.

என்னைக் கேட்டா அந்தக் கடைசிப் பக்கம்தான் பாடம். கலிஃபோர்னியால பிரசிடென்ட் ஓட்டு எந்தப் பக்கம் போகும்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும், ஆனா பிள்ளையோட சொந்த ஸ்கூல் கூரை ஒழுகுறதைச் சரிபண்ண கடன் வாங்கலாமா, அதை யார் வீட்டு வரியில ஏத்துறதுங்கிற கேள்வி சில நூறு ஓட்டுல கூட முடிவாகும். அது என்ன, எப்படி வருது, அதை வாசிக்கிறது எப்படின்னு அடியில இருந்து பார்ப்போம்.

மெஷர்னா என்ன

இந்தியால நாம ஓட்டுப் போடுறது ஆளுக்கு, சின்னத்துக்கு. சட்டம் போடுறது, வரி ஏத்துறது எல்லாம் ஜெயிச்சவங்க பார்த்துக்குவாங்க. கலிஃபோர்னியால அதோட ஒரு படி கூடுதல், சட்டத்தையும் வரியையும் நேரடியா ஜனங்க கிட்டயே "சரியா வேண்டாமா"ன்னு கேட்பாங்க. 1911-ல ஹைரம் ஜான்சன் கவர்னரா இருந்தப்ப வந்த மாத்தம் இது. அந்தக் காலத்துல சதர்ன் பசிஃபிக் ரயில்வே கம்பெனி சொல்றதுதான் மாநில அரசியல்ல நடக்கும்னு ஜனங்களுக்குச் செம கோபம், அதனால இனிஷியேட்டிவ், ரெஃபரெண்டம், ரீகால் (பதவியில இருக்கிறவரை ஓட்டுப் போட்டு இறக்குறது)னு மூணு ஆயுதத்தை அரசியல் சாசனத்துலயே எழுதி வாக்காளர் கையில குடுத்தாங்க.

மாநிலம் முழுக்க ஓட்டுக்கு வர்றதை ப்ரொபொசிஷன்னு சொல்வாங்க, சுருக்கமா ப்ராப், அதுக்கு நம்பர் இருக்கும், ப்ராப் 13 மாதிரி. சிட்டி, கவுண்டி, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் அளவுல வர்றது மெஷர், அதுக்கு இங்கிலீஷ் எழுத்து, மெஷர் ஏ, மெஷர் க்யூக்யூ இப்படி. சான் ஃபிரான்சிஸ்கோல மட்டும் லோக்கலையும் ப்ராப்னுதான் சொல்வாங்க, ஆனா எழுத்துதான் போடுவாங்க. எழுத்து ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் திரும்பத் திரும்ப வரும், அதனால கூகுள்ல "மெஷர் பி"ன்னு மட்டும் தேடினா பத்து ஊரோட பத்து வருஷத்து மெஷர் வந்து நிக்கும், ஊர் பேரும் வருஷமும் சேர்த்துத் தேடணும்னு பசங்களுக்கு முதல்லயே சொல்லிடுறது நல்லது.

பாலட்டுக்கு வர்ற வழி

1. சிட்டி கவுன்சிலோ ஸ்கூல் போர்டோ தானே தீர்மானம் போட்டு வைக்கிறது. லோக்கல் மெஷர்ல பெரும்பாலானது இப்படித்தான் வருது. எலெக்‌ஷனுக்கு 88 நாள் முன்னாடி கவுண்டிக்குப் போய்ச் சேரணும், அதனால ஆகஸ்ட் முதல் வாரத்துல ஊர் ஊரா போர்டு மீட்டிங் களைகட்டும்.

2. ஜனங்க கையெழுத்து வாங்கி வைக்கிறது, இதுதான் இனிஷியேட்டிவ். சிட்டி அளவுல சாதாரண சட்டத்துக்குப் பதிவு பண்ணின வாக்காளர்ல 10% பேர் கையெழுத்து வேணும்.

3. கவுன்சில் போட்ட சட்டத்தை நிறுத்தி வச்சு ஓட்டுக்கு விடுறது, ரெஃபரெண்டம். சட்டம் போட்ட 30 நாளுக்குள்ள கையெழுத்து குடுத்தாகணும்.

மூணாவதுல ஒரு கண்ணி இருக்கு. எதிர்ப்புக்காரங்கதான் கையெழுத்து வாங்கிக் கொண்டு வர்றாங்க, ஆனா பாலட்ல "எஸ்"னா அந்தச் சட்டம் இருக்கட்டும்னு அர்த்தம், "நோ"னா தூக்கிடுன்னு அர்த்தம். 2020-ல ப்ராப் 25 அப்படித்தான் வந்துச்சு, ஜாமீனுக்குப் பணம் கட்டுற முறையை ஒழிக்கிற சட்டத்தை எதிர்த்தவங்க கொண்டு வந்தது, "நோ" ஜெயிச்சுச்சு, சட்டம் போச்சு, பண ஜாமீன் இருந்துச்சு. எஸ், நோ ரெண்டுக்கும் நாளைக்கு ஊர்ல என்ன மாறும்னு ஒவ்வொரு வரி எழுதிப் பார்க்காம டிக் பண்ணக்கூடாதுங்கிறதை இந்த ஒரு உதாரணத்தை வச்சே சொல்லிடலாம்.

75 வார்த்தை

பாலட்ல மெஷரைப் பத்தி இருக்கிற கேள்வி 75 வார்த்தைக்கு மேல போகக்கூடாது. போர்டு வைக்கிற மெஷர்னா அந்த 75 வார்த்தையை எழுதுறதும் அந்த போர்டுதான், நிறைய நேரம் கன்சல்டன்ட் வச்சு, சர்வே எடுத்து, எந்த வார்த்தைக்கு ஜனங்க மயங்குறாங்கன்னு பார்த்து எழுதுவாங்க. பாலட் பேப்பர்ல அச்சடிச்சு வர்றதால பசங்க அதை நடுநிலைன்னு நினைச்சுக்கிறாங்க, பெரியவங்களும்தான்.

கிளாஸ்ல வச்சு வாசிக்க நானே எழுதின ஒரு மாதிரிக் கேள்வி இது, நிஜ மெஷர் இல்ல, ஆனா நிஜ மெஷர்கள் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்:

"வகுப்பறைகளை நவீனப்படுத்தவும், ஒழுகும் கூரைகளை மாற்றவும், பழைய மின்வயரிங், குழாய்களைச் சரிசெய்யவும், மாணவர் பாதுகாப்பை மேம்படுத்தவும், 20 கோடி டாலருக்குப் பாண்ட் வெளியிட அனுமதி வழங்கலாமா? மதிப்பீட்டில் 1,00,000 டாலருக்கு 48 டாலர் வீதம், பாண்ட் நிலுவையில் உள்ளவரை, ஆண்டுக்குச் சராசரி 1 கோடியே 20 லட்சம் டாலர் வசூலாகும். சுயேச்சைத் தணிக்கை, குடிமக்கள் கண்காணிப்புக் குழு உண்டு. நிர்வாகிகள் சம்பளத்துக்குப் பணம் கிடையாது."

பாண்ட்னா பத்திரம் வித்து வாங்குற கடன், வட்டியோட வரிப் பணத்துல அடைக்கிறது. இப்ப ஒவ்வொண்ணா எடுப்போம்.

முதல் வரி ஆசைப் பட்டியல். கூரை, வயரிங்னு யாரும் எதிர்க்க முடியாததை முன்னாடி வச்சிருக்கும். முழு மெஷரோட டெக்ஸ்ட் கவுண்டி அனுப்புற வோட்டர் கைடுல இருக்கும், அதுல ப்ராஜெக்ட் லிஸ்ட் பக்கம் பக்கமா போகும், அங்க செயற்கைப் புல் மைதானமும் இருக்கலாம், ஆஃபீஸ் கட்டடமும் இருக்கலாம். லிஸ்ட்ல பேர் இருக்குங்கிறதால அந்த வேலை நடந்தே தீரும்னு உத்தரவாதம் இல்லன்னும் வழக்கமா அதுலயே ஒரு வரி இருக்கும், பசங்களை அந்த வரியைத் தேடச் சொல்லலாம்.

ரெண்டாவது, அந்த 48 டாலர். "மதிப்பீட்டில்"ங்கிற சொல்லை லேசா விட்டுடக்கூடாது, கணக்கு முழுக்க அதுலதான் இருக்கு. 1978-ல வந்த ப்ராப் 13 படி வீட்டோட அடிப்படை ப்ராப்பர்ட்டி டாக்ஸ் மதிப்புல 1%தான், அந்த மதிப்பும் வீடு கைமாறுற வரைக்கும் வருஷத்துக்கு 2%க்கு மேல ஏறாது. மார்க்கெட் விலை எங்க போனாலும் சரி. இதனால ஒரே தெருவுல ஒரே மாதிரி ரெண்டு வீடு இருக்கும், ஒருத்தர் முப்பது வருஷத்துக்கு முன்னாடி வாங்கினவர், அவர் வீட்டோட மதிப்பீடு 3 லட்சம் டாலர்னு வைங்க, 48-ஐ 3-ஆல பெருக்கினா வருஷத்துக்கு 144 டாலர். பக்கத்து வீட்டுக்காரங்க போன வருஷம் 20 லட்சம் டாலருக்கு வாங்கினவங்க, அவங்களுக்கு 960. அதே ஸ்கூல், அதே கூரை. இது நியாயமா இல்லையான்னு கிளாஸ்ல விட்டுப் பாருங்க, பெல் அடிச்சாலும் நிக்காது. 3 லட்சம் மதிப்பீட்டுக்காரர் பென்ஷன்ல வாழுற பாட்டியா இருக்கலாம்னு ஒருத்தர் சொல்வார், அந்த வீட்டை வித்தா கோடீஸ்வரர்தானேன்னு இன்னொருத்தர் சொல்வார், ரெண்டும் உண்மைதான்.

மூணாவது, "பாண்ட் நிலுவையில் உள்ளவரை". வருஷமே போடல பாருங்க. 30 வருஷம்னு வச்சா 1.2 கோடியை 30-ஆல பெருக்கினா 36 கோடி. வாங்குற கடன் 20, கட்டுறது 36. இதுல ஏமாத்து ஒண்ணும் இல்ல, வீட்டு லோன் எடுத்தவங்களுக்குத் தெரியும், வட்டின்னா அப்படித்தான். ஆனா அந்த 36 பாலட்ல இருக்காது, வோட்டர் கைடுல டாக்ஸ் ரேட் ஸ்டேட்மென்ட்னு ஒரு தாள்ல, அசலும் வட்டியும் சேர்ந்த மொத்தத் தொகைன்னு உத்தேசமா குடுத்திருப்பாங்க. 2018-க்கு முன்னாடி நிலைமை இன்னும் மோசம், எவ்வளவு வசூல், என்ன ரேட், எத்தனை நாள்ங்கிற விவரத்தை எல்லா லோக்கல் வரிக் கேள்விலயும் போடணும்னு சட்டம் வந்ததே 2017-லதான்.

கடைசியில தணிக்கை, கண்காணிப்புக் குழு, சம்பளத்துக்குப் போகாது. இதை ஏதோ இந்த போர்டு தனியா யோசிச்சுச் செஞ்ச நல்ல காரியம் மாதிரி எழுதியிருக்கும். 55% ஓட்டுல ஜெயிக்கிற (அந்தக் கணக்கு கீழ வருது) எந்த ஸ்கூல் பாண்டுக்கும் இது எல்லாம் சட்டப்படி கட்டாயம், வேற வழியே கிடையாது. 75 வார்த்தையில இதுக்கு இவ்வளவு இடம் குடுத்திருக்காங்கன்னா அது வோட்டருக்குப் பிடிக்கும்னுதான்.

இதைக் கையில காகிதமா வச்சுப் பார்க்கணும்னா ஒரு வசதி இருக்கு. அக்டோபர் ஆரம்பத்துல பாலட் தபால்ல வரும், அதை ஒட்டியே கவுண்டில இருந்து ப்ராப்பர்ட்டி டாக்ஸ் பில்லும் வரும், முதல் தவணை டிசம்பர் 10-க்குள்ள கட்டணும். அந்த பில்லைப் பிரிச்சா மேல 1% வரி, அதுக்குக் கீழ ஏற்கனவே ஜெயிச்ச பாண்ட் எல்லாம் வரி வரியா நிக்கும், ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், கம்யூனிட்டி காலேஜ்னு, அதுக்கும் கீழ தனிப் பெட்டியில பார்சல் டாக்ஸ், அதாவது மனைக்கு இவ்வளவுன்னு போடுற வரி. போன எலெக்‌ஷன்கள்ல யாரோ போட்ட "எஸ்" ஒவ்வொண்ணும் எத்தனை டாலர் எத்தனை சென்ட்னு பிள்ளை தன் கண்ணாலயே பார்த்துக்கும். வாடகை வீட்ல இருக்கிறவங்க கவுண்டி அசெசர் (வீட்டு மதிப்பீடு போடுற ஆஃபீஸ்) சைட்ல ஏதாவது ஒரு அட்ரஸைப் போட்டு மதிப்பீட்டைப் பார்க்கலாம், அது பொதுத் தகவல்.

எத்தனை பேர் எஸ் சொன்னா ஜெயிக்கும்

பாதிக்கு மேல வந்தா ஜெயிச்சதுதானேன்னு கேட்டா, இல்ல. என்ன வரி, யார் கொண்டு வந்தாங்கங்கிறதைப் பொறுத்துக் கோடு மாறும்.

1. பொது வரி, அதாவது வசூல் எல்லாம் பொதுக் கஜானாவுக்குப் போய் கவுன்சில் இஷ்டப்படி செலவு பண்றது: பாதிக்கு மேல ஒரு ஓட்டு போதும்.

2. குறிப்பிட்ட வேலைக்குன்னு கட்டிப்போட்ட வரி, பார்க்குக்கு மட்டும், லைப்ரரிக்கு மட்டும் மாதிரி, அரசு அமைப்பு கொண்டு வந்தா: மூணுல ரெண்டு பங்கு.

3. பார்சல் டாக்ஸ்: பெரும்பாலும் வீடு எவ்வளவு பெருசானாலும் ஒரு மனைக்கு இவ்வளவுன்னு ஒரே தொகை, 65 வயசு தாண்டினவங்களுக்கு நிறைய ஊர்ல விலக்கு. டீச்சர் சம்பளத்துக்கும் இந்தப் பணத்தைச் செலவு பண்ணலாம், பாண்ட் பணத்துல அது முடியாது. இதுவும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் வச்சா மூணுல ரெண்டு பங்கு.

4. ஸ்கூல் பாண்ட்: 55%. முன்னாடி இதுவும் மூணுல ரெண்டா இருந்துச்சு, 2000-ல ப்ராப் 39 குறைச்சுச்சு. பதிலுக்கு கட்டுப்பாடும் வந்துச்சு, எலிமென்டரியும் ஹைஸ்கூலும் சேர்ந்த யூனிஃபைட் டிஸ்ட்ரிக்ட்னா ஒரு பாண்ட் மெஷருக்கு மதிப்பீட்டுல லட்சத்துக்கு 60 டாலர், எலிமென்டரி இல்ல ஹைஸ்கூல் மட்டும் இருக்கிற டிஸ்ட்ரிக்ட்னா 30, கம்யூனிட்டி காலேஜ்னா 25, இதுக்கு மேல போகும்னு கணக்கு வந்தா பாண்ட் வெளியிட முடியாது.

5. சிட்டி, கவுண்டி பாண்ட்: மூணுல ரெண்டு. இதையும் வீட்டுவசதி, ரோடு, தண்ணி மாதிரி வேலைகளுக்கு 55% ஆக்கலாமான்னு 2024 நவம்பர்ல ப்ராப் 5 கேட்டுச்சு, ஜனங்க வேண்டாம்னுட்டாங்க.

ரெண்டாவது கோட்டைத் தாண்ட ஊர்கள் ஒரு தந்திரம் வச்சிருக்கு. வரியைப் பொது வரின்னு போட்டு பாதி ஓட்டுல ஜெயிக்க வச்சுட்டு, பக்கத்துலயே இன்னொரு மெஷர், "இந்தப் பணத்தை போலீசுக்கும் பார்க்குக்கும் செலவு பண்ணலாமா"ன்னு, அது சும்மா ஆலோசனைக் கேள்வி, யாரையும் கட்டுப்படுத்தாது. ஜனங்க ரெண்டுக்கும் எஸ் போட்டுட்டு பார்க்குக்குத்தான் வரி குடுத்தோம்னு நினைச்சுக்குவாங்க.

கொண்டு வந்தது யாருங்கிறதுலதான் பெரிய வழக்கே நடந்துச்சு. 2017-ல அப்லாண்ட் ஊர் சம்பந்தப்பட்ட ஒரு கேஸ்ல மாநில சுப்ரீம் கோர்ட், அரசியல் சாசனம் அரசு அமைப்புகள் வரி போடுறதுக்கு வச்சிருக்கிற சில விதிகள் ஜனங்க கையெழுத்து வாங்கிக் கொண்டு வர்ற இனிஷியேட்டிவுக்குப் பொருந்தாதுன்னு சொல்லிடுச்சு. அடுத்த வருஷமே ஃப்ரெஸ்னோல மெஷர் பி (Measure P) வந்துச்சு, பார்க்குக்குன்னு 30 வருஷத்துக்கு 3/8% சேல்ஸ் டாக்ஸ், ஜனங்க கையெழுத்துல வந்தது. கிட்டத்தட்ட 52% எஸ். சிட்டி, மூணுல ரெண்டு வரல, தோத்துடுச்சுன்னுடுச்சு. கோர்ட்டுக்குப் போனாங்க, ரெண்டு வருஷம் ஓடுச்சு, 2020 டிசம்பர்ல அப்பீல் கோர்ட் பாதிக்கு மேல வந்ததே போதும், மெஷர் ஜெயிச்சதுதான்னு தீர்ப்பு சொல்லுச்சு, 2021 ஜூலைல வரி வசூல் ஆரம்பிச்சுச்சு. எலெக்‌ஷன் ராத்திரி தோத்த மெஷர் கோர்ட்ல ஜெயிச்ச கதை இது, கிளாஸ்ல மாதிரி எலெக்‌ஷன் நடத்துறவங்க 52%னு போர்டுல எழுதிட்டு "ஜெயிச்சுச்சா"ன்னு கேட்டு நிறுத்தினா போதும், மத்த வேலையைப் பசங்களே பார்த்துக்குவாங்க.

எஸ் போட்டதுக்கு அப்புறம் நடக்குறது

சான் டியேகோ பக்கத்துல பவே யூனிஃபைட்னு ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். 2008-ல ஜனங்க பாண்டுக்கு ஓகே சொன்னாங்க, வரி ரேட் ஏறாதுங்கிறது அப்ப குடுத்த வாக்கு. அந்த வாக்கையும் காப்பாத்தணும், பணமும் வேணும்னு 2011-ல கேபிடல் அப்ரீசியேஷன் பாண்ட்னு ஒண்ணுல போய் நின்னாங்க, வட்டியை இப்பக் கட்டாம அசலோட சேர்த்துச் சேர்த்து வட்டிக்கு வட்டி ஏற விடுற முறை. வாங்கின கடன் 10.5 கோடி டாலர். முதல் 20 வருஷம் ஒண்ணும் கட்ட வேண்டாம். கடைசியில கட்ட வேண்டியது கிட்டத்தட்ட 100 கோடி டாலர், அசலைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல. அந்த ஸ்கூல்ல அன்னைக்குப் படிச்ச பிள்ளைங்க நாப்பது வயசு தாண்டின பிறகும் கட்டிக்கிட்டு இருப்பாங்க.

இது வெளிய வந்து மாநிலம் முழுக்க நாறின பிறகு 2013-ல சட்டம் போட்டாங்க, இந்த மாதிரி கூட்டு வட்டிப் பாண்ட் 25 வருஷத்துக்கு மேல போகக்கூடாது, மொத்தமா கட்டுறது அசலைப் போல நாலு மடங்கைத் தாண்டக்கூடாதுன்னு. கவனிக்க வேண்டியது, வோட்டர் கிட்ட கேட்டது "பாண்ட் வெளியிடலாமா"ன்னு மட்டும்தான், எந்த மாதிரிப் பாண்ட்னு முடிவு பண்ணினது பின்னாடி வந்த போர்டு. அதனால மெஷரைப் பத்திப் படிக்கிற பிள்ளை அதே பாலட்ல ஸ்கூல் போர்டுக்கு நிக்கிற ஆட்களைப் பத்தியும் படிச்சாகணும், ரெண்டும் தனித்தனி பாடம் இல்ல.

பாண்டே வேண்டாம்னு சொன்னாலும் அதுக்கு ஒரு விலை உண்டு. மாநிலம் ஸ்கூல் கட்டடத்துக்குக் குடுக்குற பணம் பெரும்பாலும் "நீ பாதி போடு, நான் பாதி போடுறேன்"ங்கிற கணக்குதான். 2024-ல ப்ராப் 2 ஜெயிச்சு மாநிலப் பாண்ட்ல 1,000 கோடி டாலர் ஒதுக்கினாங்க, லோக்கல் பாண்ட் தோத்த டிஸ்ட்ரிக்ட் தன் பங்கைப் போட முடியாம அந்த வரிசையில பின்னாடி நிக்கும். ஆனா மாநிலப் பாண்டோட கடனை எல்லா ஊர்க்காரங்களும்தான் அடைக்கிறாங்க.

டீச்சர் எதுவரை பேசலாம்

பாண்ட் அந்த ஸ்கூலுக்கே வர்றதுதான், டீச்சர் கிளாஸ்ரூம் கூரைதான் ஒழுகுது, அப்ப அவர் "எஸ் போடச் சொல்லுங்கப்பா உங்க வீட்ல"ன்னு சொல்லலாமா? கூடாது. மாநிலக் கல்விச் சட்டம் 7054-வது பிரிவு, ஸ்கூலோட பணம், பொருள், சேவை எதையும் ஒரு மெஷரையோ வேட்பாளரையோ ஆதரிக்கவோ தோக்கடிக்கவோ பயன்படுத்தக்கூடாதுங்குது. இதுக்கு அடித்தளம் 1976-ல மாநில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, ஸ்டான்சன் எதிர் மாட், பார்க் பாண்டுக்காக அரசுப் பணத்துல பிரச்சாரம் பண்ணின அதிகாரி சம்பந்தப்பட்டது. நடுநிலையா தகவல் குடுக்கலாம், பிரச்சாரம் கூடாதுன்னு அங்க கோடு போட்டாங்க.

நடைமுறையில: ஸ்கூல் இமெயில்ல "எஸ் போடுங்க"ன்னு அனுப்பக்கூடாது, வொர்க்‌ஷீட் எடுத்த பிரிண்டர்லயே பிரச்சார நோட்டீஸ் எடுக்கக்கூடாது. டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்ல மெஷரோட விவரம், செலவு, தேதி போடலாம். சாயங்காலம் தன் சொந்த நேரத்துல டீச்சர் வீடு வீடா போய் ஓட்டுக் கேட்டா அது அவர் உரிமை. இந்தப் பயத்துல சில டீச்சர்கள் லோக்கல் மெஷரையே தொடாம மூணு கிளை அரசாங்கம், செனட் எத்தனை பேர்னு பாடத்தை முடிச்சுடுறாங்க, அது தேவையில்லாத பயம். ரெண்டு பக்கத்தையும் வாசிக்க வைக்கிறதைச் சட்டம் தடுக்கல. வோட்டர் கைடுலயே ஆதரவு வாதம் 300 வார்த்தை, எதிர் வாதம் 300, அதுக்கு மறுப்பு 250, கூடவே கவுண்டி வக்கீலோ சிட்டி வக்கீலோ எழுதின நடுநிலை ஆய்வு, எல்லாம் ஓசியிலயே பாடப்புத்தகமா வருது.

அதோட பணம் யார் குடுத்தாங்கன்னு பார்க்கிறதும் பாடம்தான். பிரச்சார அட்டையில பொடி எழுத்துல பெரிய நன்கொடையாளர் பேர் இருக்கணும்னு விதி, விவரம் சிட்டி கிளார்க் இல்ல கவுண்டி ஆஃபீஸ்ல ஃபார்ம் 460-ல இருக்கும். ஸ்கூல் பாண்டுக்கு ஆதரவா பணம் போட்டவங்க லிஸ்ட்ல ஆர்க்கிடெக்ட், கான்ட்ராக்டர், பாண்ட் விக்கிற நிதி கம்பெனின்னு அடிக்கடி வரும். அதனாலயே மெஷர் கெட்டதுன்னு ஆகிடாது, ஆனா யாருக்கு வேலை கிடைக்கும்னு பிள்ளைக்குப் புரியும்.

யார் ஓட்டுப் போடலாம், நம்ம வீட்ல கவனிக்க வேண்டியது

1. வயசு 18, அமெரிக்க சிட்டிசன். 16, 17 வயசுலயே ப்ரீ-ரெஜிஸ்டர் பண்ணி வச்சுக்கலாம், 18 ஆனதும் தானா செயலுக்கு வந்துடும். 17 வயசுக்காரங்க, நவம்பருக்குள்ள 18 ஆகப்போறவங்க, ப்ரைமரியில (நவம்பருக்கு முன்னாடி நடக்குற முதல் கட்டத் தேர்தல்) ஓட்டுப் போடலாமான்னு 2020-ல ப்ராப் 18 கேட்டுச்சு, தோத்துடுச்சு.

2. பெர்க்லியும் ஓக்லாண்டும் விதிவிலக்கு. பெர்க்லி 2016-ல மெஷர் ஒய்1, ஓக்லாண்ட் 2020-ல மெஷர் க்யூக்யூ, ரெண்டும் 16 வயசுல ஸ்கூல் போர்டு எலெக்‌ஷன்ல மட்டும் ஓட்டுப் போட வழி பண்ணுச்சு. ஆனா நடைமுறைக்கு வந்தது 2024 நவம்பர்ல, ஒய்1-க்காக உழைச்ச ஹைஸ்கூல் பசங்க அதுக்குள்ள காலேஜே முடிச்சிருப்பாங்க. அந்த பாலட்ல ஸ்கூல் போர்டு மட்டும்தான் இருக்கும், மெஷர் இருக்காது, அதாவது பாண்டைக் கொண்டு வர்ற ஆளைத் தேர்ந்தெடுக்கலாம், பாண்டுக்கு எஸ் நோ சொல்ல முடியாது.

3. வீடு இருந்தாதான் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் மெஷருக்கு ஓட்டுன்னு இல்ல, வாடகைக்கு இருக்கிற 18 வயசு சிட்டிசனுக்கும் ஓட்டு உண்டு. மறுபக்கம் எச்-1பி-ல இருந்துக்கிட்டு 20 லட்சம் டாலருக்கு வீடு வாங்கினவருக்கு வரி மட்டும்தான். வீட்ல ஒரே வோட்டர் இங்க பிறந்த பிள்ளையா இருக்கிற குடும்பங்கள் நம்மள்ல எத்தனையோ உண்டு, அப்ப அந்தப் பிள்ளை அந்த 75 வார்த்தையை எப்படி வாசிக்குதுங்கிறது அப்பா அம்மாவோட பில்லுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

4. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லணும். ஏப்ரல்லயும் செப்டம்பர்லயும் ஹைஸ்கூல்கள்ல வோட்டர் எஜுகேஷன் வாரம்னு நடக்கும், கிளாஸ்லயே ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம் குடுப்பாங்க, எல்லாரும் நிரப்புறாங்களேன்னு எச்-4-ல (எச்-1பி-காரங்க குடும்பத்துக்குக் குடுக்குற விசா) இருக்கிற பிள்ளையோ கிரீன் கார்டு பிள்ளையோ நிரப்பிடக்கூடாது. அதுல "நான் அமெரிக்க சிட்டிசன்"னு கையெழுத்து போடணும், பொய்யா சிட்டிசன்னு சொன்னது பின்னாடி கிரீன் கார்டு, குடியுரிமை ரெண்டையும் கெடுக்கும், நாடு கடத்துற வரைக்கும் போகலாம். டிஎம்வி-ல லைசென்ஸ் எடுக்கும்போது வர்ற கேள்விக்கும் இதேதான். டீச்சருக்கு யார் என்ன விசான்னு தெரியாது, கேட்கவும் மாட்டாங்க, அதனால வீட்லதான் முன்னாடியே சொல்லி வைக்கணும்.

5. சான் ஃபிரான்சிஸ்கோல 2016-ல வந்த ப்ராப் என் படி, சிட்டிசன் இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டு எலெக்‌ஷன்ல ஓட்டுப் போடலாம், 2022-ல ஒரு கோர்ட் தடுத்துச்சு, 2023-ல அப்பீல் கோர்ட் செல்லும்னுடுச்சு. அங்கயும் முதல்ல இமிக்ரேஷன் வக்கீல் கிட்ட கேட்டுக்கங்கன்னு சிட்டியே எச்சரிக்கை போடுது.

முதல் ஓட்டு வீணாகிற இடம்

கலிஃபோர்னியால பதிவு பண்ணின எல்லாருக்கும் பாலட் தபால்ல வந்துடும். உள்ள டிக் பண்றது சுலபம், கவர் மேல போடுற கையெழுத்துலதான் இளவட்டங்க மாட்டுறாங்க, வயசானவங்களை விட இவங்க கவர்தான் கூடுதலா நிராகரிக்கப்படுது. டிஎம்வி-ல 16 வயசுல டச் பேட்ல விரலால கிறுக்கினதுதான் பல நேரம் ஃபைல்ல இருக்கும், 18 வயசுல பேனாவால ஸ்டைலா ஒண்ணு போட்டு அனுப்புவாங்க, ரெண்டும் பொருந்தாது. பொருந்தலன்னா எலெக்‌ஷன் ஆஃபீஸ் லெட்டர் அனுப்பிச் சரிபண்ண அவகாசம் குடுத்தாகணும், அந்த லெட்டர் வீட்டுக்கு வரும்போது பிள்ளை காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கும். "வேர்ஸ் மை பாலட்"ல ரெஜிஸ்டர் பண்ணினா கவர் எங்க இருக்கு, ஏத்துக்கிட்டாங்களான்னு மெசேஜ் வரும். எலெக்‌ஷன் தேதிக்குள்ள போஸ்ட்மார்க் விழுந்து, அதுக்கப்புறம் 7 நாளுக்குள்ள போய்ச் சேர்ந்தா எண்ணுவாங்க.

ஓட்டு இல்லாத பிள்ளைக்கும் வேலை இருக்கு. 16 வயசு, 2.5 ஜிபிஏ, வீட்லயும் ஸ்கூல்லயும் அனுமதி இருந்தா எலெக்‌ஷன் அன்னைக்கு ஸ்டூடண்ட் போல் வொர்க்கரா போகலாம், சிட்டிசனா இருக்கணும்னு இல்ல, கிரீன் கார்டு போதும், எச்-4 முடியாது. ஓட்டு எண்ண மட்டும் விடமாட்டாங்க, பேர் சரிபார்க்கிறது, மெஷின் காட்டிக் குடுக்குறது எல்லாம் செய்வாங்க, கவுண்டி அதுக்குப் பணமும் குடுக்கும். எந்த விசாவா இருந்தாலும் ஸ்கூல் போர்டு மீட்டிங்ல பப்ளிக் கமென்ட் நேரத்துல எழுந்து பேசலாம், அதுக்கு வயசும் கேட்க மாட்டாங்க. ஜெயிச்ச பாண்டுக்கு உட்கார்ந்திருக்கிற கண்காணிப்புக் குழு மீட்டிங்கும் பொது மீட்டிங்தான், மினிட்ஸ் டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்ல இருக்கும், பாலட்ல சொன்ன கூரைக்கு இதுவரை எவ்வளவு செலவாச்சுங்கிற கணக்கு அங்கதான் வரும்.